மேடை ஏறிய பனியன்

என் எழுத்து கோணலாக இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டதும், அட்டைப் பெட்டிமேல் எண் எழுதியதும்தான் எனக்குத் தெரிந்த எழுத்து வேலை. எந்த இடத்தில் எந்த ‘ல’ வரும் என்பதில் எப்போதும் சந்தேகம். என் மனைவி ஒன்பதாவது வரை படித்தவள். கேட்டால் சொல்லுவாள். ஆனால் இது அவளைப் பற்றியது என்பதால் கேட்கவில்லை. பிழை இருந்தால் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். துணி துவைக்கும் மெஷினுக்கு வெளிப்புறம் வருகிற வெள்ளை பிளாஸ்டிக் பலகையை அங்கே செய்கிறார்கள். அதைப் பேனல் என்பார்கள். அச்சு மெஷினில் இருந்து சூடாக வருகிற பேனலை முதலில் பெண்கள் டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார்கள். கீறல், கறை இல்லை என்றால் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவார்கள். பக்கத்து மேஜை என்னுடையது. மேல் ஓரத்தில் பழுப்பு டேப் ஒட்டி, உறை மாட்டி, பெட்டியில் வைப்பேன். பார்க்கிற பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. அதாவது, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எந்தப் பேனலும் என்னிடம் வரும்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடு என்று சொல்லக் கூச்சப்பட்டு, பல வருடம் பாயசம் மாதிரி டீ குடித்திருக்கிறேன். மணிமங்கலத்தில் நான் இறங்க வேண்டிய இடத்தை பஸ் தாண்டிப் போனால், நிறுத்து என்று கத்த மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். லைனில் நாள் முழுக்க நான் பேசும் வார்த்தைகளை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

ஆனால் வீட்டில் அப்படி இல்லை. கைகால் கழுவி உட்கார்ந்தால் போதும், அடைமழைதான். பஸ் டிரைவர் யாரிடம் வம்பு வளர்த்தார், கேன்டீனில் சாம்பார் ஏன் தண்ணீராக இருந்தது, சூப்பர்வைசர் புதுச் செருப்பு வாங்கியது என்று, அவளும் பார்த்ததாகவே இருந்தாலும், எல்லாம் சொல்லுவேன். அவள் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு கேட்பாள். நடுவில் “அப்றம்?” என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் நான் பெரிய பேச்சாளனாகிவிடுவேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பேச ஒருவன், கேட்க ஒருத்தி. இந்த உலகத்தில் நான் சொல்வதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அது அவள்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆளைத்தான் கம்பெனி என்னிடம் இருந்து பிடுங்கியது என்று நான் நினைத்தேன்.

போன வருடம் தீபாவளி முடிந்ததும் பயிற்சி கொடுக்க ஒரு மேடம் வந்தார். சின்ன வயது. தாம்பரத்தில் இருந்து ஸ்கூட்டியில் வருவார். அடுத்தடுத்து வேலை செய்கிறவர்களைச் சேர்த்துச் சின்னச் சின்னக் குழுவாக்கினார். எங்கள் குழுவில் பேனல் மெஷின் ஓட்டுகிற திருநெல்வேலிப் பையன், பேனல் பார்க்கிற என் மனைவி, அவளோடு வேலை செய்கிற படப்பை அக்கா, நான். இன்னும் இரண்டு பேர் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுவார்கள். பையன் என்றால் சின்னப் பையன் இல்லை, இருபத்தைந்து வயது இருக்கும். சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்து நான்கு பேரோடு தங்கியிருக்கிறான்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் கூட வேண்டும். வெள்ளைப் பலகை முன்னால் எல்லாரும் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. ஒரு பிரச்சினையை எடுத்துப் பலகையில் மீன் முள் மாதிரி படம் போட்டு, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணத்தை எழுத வேண்டும். பிறகு ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அந்தப் பதிலையும் ஏன் என்று கேட்க வேண்டும். இனிமேல் கேட்க முடியாது என்கிற வரைக்கும். மேடம் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். “யாருன்னு கேக்கக் கூடாது. ஏன்னு மட்டும்தான் கேக்கணும்.”

கடைசியில் வட்டமாக நின்று, இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்ல வேண்டும். இடமிருந்து வலமாக வரும். முதல் நாள் என் முறை வந்தது.

“அண்ணா, நீங்க?”

“அதேதான் மேடம்.”

“எதேதான்?”

“முன்னாடி அவர் சொன்னாரே... அதேதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கு அடுத்த வாரம் என் முறை வருவதற்கு முன்பே திருநெல்வேலிப் பையன், “அண்ணாச்சிக்கு அதேதான், எழுதிக்கிடுங்க மேடம்” என்றான். அன்றிலிருந்து லைனில் எனக்கு ‘அதேதான் அண்ணன்’ என்று பெயர்.

என் மனைவி என் வலப் பக்கம் நிற்பாள். எனக்கு அடுத்த முறை அவளுடையது. அவள் பேசினாள். முதல் நாளே பேசினாள். வீட்டில் ‘அப்றம்’ என்பதற்கு மேல் வார்த்தை தெரியாதவள் என்று நான் நினைத்திருந்தவள், மார்க்கரை வாங்கிப் பலகையில் எழுதினாள்.

அப்போது எங்களுக்குக் கொடுத்த பிரச்சினை கீறல். பேனலின் மேல் ஓரத்தில் தலைமுடி போல மெல்லிய கீறல் விழுந்து, பேனல் வாங்குகிற துவைக்கும் மெஷின் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அச்சைப் பார்த்தார்கள், தள்ளுவண்டியைப் பார்த்தார்கள். தை மாதம் ஒரு சனிக்கிழமை அவள் கேட்டாள்: “மேடம், நாங்க லைட்டுக்கு சாச்சிப் பாக்குறப்ப பேனலோட மேல் ஓரம் எங்க கழுத்தாண்ட வந்து ஒக்காருது. கழுத்துல செயின் கீது. அது உரசாதா?”

உரசியது. திங்கட்கிழமையே அவள் தாலியைச் செயினில் இருந்து கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். மற்றப் பெண்களும் மாற்றினார்கள். கீறல் நின்றது. பேனல் பார்க்கும் மேஜையில் கழுத்தில் உலோகம் தெரியக் கூடாது என்று கம்பெனி சட்டமே போட்டது. படப்பை அக்கா மட்டும் கல்யாணத்தன்று சர்ச்சில் போட்ட செயினைக் கழற்ற மனமில்லாமல், அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டார்.

கீறல் நின்ற அன்றைக்கு எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தம் வராமல் தட்டுவது எப்படி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் மேல் எனக்குப் பொறாமை என்று அப்போது எனக்குத் தெரியாது. பசியில்லை, தலைவலி என்று ஏதோ சொல்லிக்கொண்டேன். ஆனால் எரிந்தது வயிறுதான். அவள் பேசும்போது திருநெல்வேலிப் பையன் கழுத்தை நீட்டிக் கேட்பான். “அக்கா சொல்லுததுதான் சரி” என்பான். மேடம் பேனாவை மூடிவிட்டுக் கேட்பார். அவர்கள் கேட்டது அவளை. நான் ஒருவருக்கும் தெரியாமல் வீட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவளை, ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

அதைவிட மோசம் வீட்டில் நடந்தது. அவள் லீவு போட்ட ஒரு நாள் நடந்த பஸ் டிரைவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டான் அந்தாளு. எல்லாரும் இறங்குங்கன்றான்.”

“ஏன்?”

“ஏனா? கோவம்தான்.”

“ஏன் கோவம்?”

“எவனோ இன்னாவோ சொல்லிக்கினான்.”

“அவன் ஏன் சொன்னான்?”

எனக்குத் தெரியாது. என் கதைகளில் ஏன் என்பது இருந்ததே இல்லை. ‘அப்றம்’ மட்டும்தான் இருந்தது. மூன்றாவது ஏன் வந்ததும் கதை செத்துப்போனது. அவள் அதைக் கவனிக்காமல் தன் கதையைத் தொடங்கினாள். அந்தப் பையன் மெஷின் சூட்டைப் பற்றி என்ன சொன்னான், படப்பை அக்கா என்ன பதில் சொன்னார், எல்லாரும் எப்படிச் சிரித்தார்கள் என்று. நானும் அங்கேதான் நின்றிருந்தேன் என்பதே அவளுக்கு நினைவில்லை.

பங்குனி வாக்கில் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“சனிக்கிழமைன்னா லேட்டாவுது. சோறு வடிக்க நேரமாவுது. நீ அந்த குரூப்ல இருந்து வெலகிக்கயேன்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நீயும்தான அங்க நிக்கிற. நீ வெலகிக்கினு வந்து சோறு வடி.”

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வருடம் ஆடிப் பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுத்த நாளில் இருந்து போன பேனல்களில் மஞ்சள் கறை தெரிய ஆரம்பித்தது. விரல் இழுத்த மாதிரி, மேல் ஓரத்தில், லேசான மஞ்சள். நாங்கள் பார்க்கும்போது தெரியாது. மெஷின் கம்பெனியில் பெட்டியைப் பிரித்தால் தெரியும். வெள்ளைப் பேனலில் மஞ்சள் என்றால் புதுப் பொருள் பழசு மாதிரி இருக்கும். மொத்தமாகத் திருப்பி அனுப்பினார்கள். பெரிய அதிகாரிகள் லைனுக்கு வந்து நின்றார்கள். பிரச்சினை எங்கள் குழுவுக்கு வந்தது.

மறுபடியும் மீன் முள். பிளாஸ்டிக் குருணை பழசா, மெஷின் சூடு அதிகமா, அச்சில் எண்ணெயா, கையுறையா என்று ஒவ்வொரு முள்ளாக எழுதினார்கள். ஒவ்வொன்றாக அடித்தார்கள். படப்பை அக்கா பார்த்த பேனல்களில் மட்டும் கறை இல்லை என்று பெட்டி எண்ணை வைத்துத் தெரிந்தது. “நம்ம கைராசி அப்பிடி” என்று அவர் சிரித்தார். அவர் அனுபவசாலி, நன்றாகப் பார்க்கிறார் என்று விட்டுவிட்டோம்.

பிறகு திருநெல்வேலிப் பையன் சொன்னான்: “மேடம், மேல் ஓரத்துல கடைசியா கை படுதது பேக்கிங்லதான். டேப்புல ஒரு பசை இருக்குல்லா, மஞ்சளா. வெயிலுக்கு உருகுதோ என்னமோ.”

பேக்கிங் என்றால் நான். யார் என்று கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் பேக்கிங் மேஜையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. என் காது சூடாகியது. என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மார்க்கரை எடுத்து முள்ளில் ‘பேக்கிங் டேப்’ என்று எழுதினாள். அவளுடைய அழகான கையெழுத்தில். வட்டம் வேறு போட்டாள்.

அந்த வாரம் நான் அவளோடு பேசவில்லை. டேப்பை மாற்றினார்கள். வேறு டேப் ஒட்டியும் கறை வந்தது. என் மேல் தப்பில்லை என்று தெரிந்தது. ஆனால் என்னிடம் யாரும் வந்து அதைச் சொல்லவில்லை. வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாது, திங்கட்கிழமை காலையிலேயே கூடலாம் என்று மேடம் சொன்னார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கப் போனேன். துவைக்க வேண்டிய துணி பக்கெட்டில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் வெள்ளைப் பனியன். அதன் தோள் பக்கத்தில் மஞ்சள். விரல் இழுத்த மாதிரி, லேசான மஞ்சள்.

பக்கெட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தக் கறையை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவளுக்குச் செயின் வாங்கும் வரைக்கும், ஆடிப் பெருக்கு முடிந்தால் என் பனியனில் அது வரும். புதுக் கயிறு மாற்றி, மஞ்சள் பூசி, அந்த ஈரத்தோடு அவள் பக்கத்தில் படுத்தால் வரும். வேர்வை பட்டால் இன்னும் நன்றாக வரும். பேனலின் மேல் ஓரம் உட்காருகிற அதே கழுத்து.

அடுத்த ஏன் தானாக வந்தது. ஏன் கயிறு? செயின் கூடாது என்பதால். ஏன் கூடாது? கீறல் விழும் என்பதால். யார் சொன்னது? யார் என்று கேட்கக் கூடாது. ஆனால் நான் கேட்டேன். குளியலறையில் தனியாக நின்று கேட்டேன். அவள்தான் சொன்னாள். எல்லாரும் கை தட்டிய அந்த யோசனையில் இருந்துதான் இந்தக் கறை வந்திருக்கிறது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று இரண்டு செம்புத் தண்ணீர் அதிகமாகவே ஊற்றிக்கொண்டேன்.

வெளியே வந்து அவளிடம் சொல்லவில்லை. சின்ன எறும்பு கடித்தால்கூட அவளிடம் சொல்கிறவன், இதைச் சொல்லவில்லை. நாளைக்கு வட்டத்தில் என் முறை வரும். அவளுக்கு முன்னால் என் முறை. மேடம் “அண்ணா, நீங்க?” என்பார். நான் சொல்லுவேன். அந்தப் பையன் கழுத்தை நீட்டுவான். அவள் மார்க்கரை வைத்துக்கொண்டு, என்ன எழுதுவதென்று தெரியாமல் நிற்பாள். இதையே நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். “இன்னாய்யா தானா சிரிக்கிற?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். மேடம், கறை மஞ்சள் கயிற்றில் இருந்து வருது. அது எப்படித் தெரியும் என்றால், என் பனியனில்... அந்த இடத்தில் நின்றுவிடும். என் பனியனில் எப்படி வந்தது என்று அந்தப் பையன் ‘ஏன்’ கேட்பானே. என்னவென்று சொல்லுவது? பனியனை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால், பிறகு எனக்கு எப்படித் தெரிந்தது என்று வரும். படப்பை வருகிற வரைக்கும் கோத்தேன். ஒரகடம் வந்ததும் எல்லாம் அவிழ்ந்துவிட்டது.

வட்டமாக நின்றோம். பையன் மெஷின் சூட்டைப் பற்றி ஏதோ சொன்னான். படப்பை அக்கா, “ஆண்டவர்தான் வழி காட்டணும்” என்றார். என் முறை.

“அண்ணா, நீங்க?”

வாயைத் திறந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வலப் பக்கம் என் மனைவியும் பார்ப்பது தெரிந்தது. என் பார்வை என் ஷூவுக்குப் போய்விட்டது.

“அதேதான் மேடம்.”

“அண்ணாச்சிக்கும் ஆண்டவர்தான் வழி காட்டணுமாம்” என்றான் பையன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சிரிப்பு அடங்கியதும் என் மனைவி பேசினாள். “மேடம், எங்க வூட்டுக்காரர் பனியன்ல இதே கறை கீது.”

நான் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டேன்.

“ஆடிப் பெருக்குக்கு நாங்க புதுக் கயிறு மாத்துனோம். புது மஞ்சளு. வேர்வைல ஊறிக்கினு பனியன்ல ஒட்டுச்சு. அதே மாதிரிதான் பேனல்லயும் ஒட்டுது. அக்கா பாத்த பேனல்ல ஏன் இல்ல? அவங்க கயிறு மாத்தல, பிளாஸ்திரிதான்.”

படப்பை அக்கா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “அட, கைராசி இல்லையா அப்ப?” என்றார்.

“யக்கா, தையிலயே கயிறு மாத்திட்டீயள்லா? அப்ப ஏன் கறை வரல?” என்று கேட்டான் பையன்.

“அப்ப பனி. வேர்வை ஏது? வெயில் வந்தப்ப கயிறு வெளுத்துப் போச்சு. இப்பதான் மறுபடி புதுசு.”

அதற்குப் பிறகு அவள் பலகைக்குப் போனாள். ஏன் கறை, கயிற்று மஞ்சள். ஏன் கயிறு, செயின் கூடாது. ஏன் கூடாது, கீறல் விழும். அதற்குக் கீழே கடைசியாக ஒன்று எழுதினாள்: ‘செயினை மாற்றச் சொன்னபோது, மாற்றுவது எதில் ஒட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.’

நான் ஷூவைப் பார்த்தபடி, அவ்வப்போது பலகையை மட்டும் பார்த்தேன். நான் பிடித்து வைத்திருந்த ஒரே ஒரு தப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. மேடம் கண் விரித்து நின்றார். மற்றவர்களுக்குத் தப்பு நடந்தால் தலை குனிவார்கள். இவளுக்குத் தப்புக்கும் கை தட்டினார்கள். அவளுடைய தப்பின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. இதற்கு மேல் ஒருவன் எங்கே போய்ப் பொறாமைப்படுவது?

கழுத்து வரை மூடுகிற காலர் வைத்து வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். கறை நின்றது. புரட்டாசியில் எல்லாக் குழுக்களும் மேடை ஏறித் தங்கள் வேலையைச் சொல்லும் விழா வைத்தார்கள். என் மனைவியும் பையனும் எங்கள் குழுவுக்காகப் பேசினார்கள். சாட்சி வேண்டும் என்று மேடம் கேட்டு, என் பனியனை ஒரு அட்டையில் குத்தி, கறையைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு, மேடையில் வைத்தார்கள். நான் கீழே பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பனியன் மேடையில் இருந்தது. பெரிய அதிகாரி அதைக் கிட்டப் போய்ப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு அது யாருடைய பனியன் என்று தெரியாது.

முதலாவதாக வந்தோம். மேடையில் இருந்து இறங்கி வந்த பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “அண்ணாச்சி, பனியன் உங்களதுல்லா, பாதிப் பரிசு உங்களுக்குத்தான்” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு நான் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று நிறுத்தவில்லை, வரவில்லை. கைகால் கழுவி உட்காருவேன். அவள் கீரை ஆய்வாள். டிவி பேசும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் அவள் டிவியை நிறுத்தினாள்.

“ஏன் பேச மாட்டேன்ற?”

“ஒண்ணுமில்ல.”

“ஏன் ஒண்ணுமில்ல?”

“உன் குரூப்பு வேலைய இங்க காட்டாத.”

“ஏன் காட்டக் கூடாது?”

எழுந்து வெளியே போகலாம் என்று பார்த்தேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் பேச வேண்டியிருக்கும். அதற்கு இதுவே மேல் என்று உட்கார்ந்தேன்.

“எல்லாரும் நீ சொல்றதக் கேக்குறாங்க” என்றேன்.

“கேட்டா?”

“நான் சொல்றதக் கேக்க நீ ஒருத்திதான் இருந்த.”

சொன்ன பிறகு என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கீரையைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“பனியன மேலாக்க வெச்சது யாருன்னு நெனச்ச?” என்றாள். “எப்பவும் அடில போடுவேன். நீ குளிக்கப் போறன்னு மேல வெச்சேன். நீ பாத்துட்டு சிரிச்சுகினு வந்த. சரி, நாளைக்கு சொல்லப் போறான் மனுஷன்னு நெனச்சேன். உன் மொற வந்துச்சு. வாயத் தொறந்த. நீ சொல்லணும்னு கூட நான் சாமிய வேண்டிக்கினேன். அதேதான்னுட்ட.”

நான் ஒளித்து வைத்ததாக நினைத்ததை அவள் எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். நன்றியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதுவும் சேர்ந்து குத்தியது. அதைக்கூட அவள்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

“இத்தினி வருஷமா நீ பேசுன, நான் கேட்டேன்” என்றாள். “நீ ஒரு தபா என்னை ஏன்னு கேட்டுக்கிறியா?”

“இன்னா கேக்கணும்?”

“எதுனா.”

யோசித்தேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் பஸ்ஸில் இருந்து இரண்டு பேரும் இறங்கி நடக்கும்போது தோன்றியது. கோயில் குளத்துப் பக்கம் வரும்வரை வாயில் வைத்துக்கொண்டு நடந்து, பிறகு கேட்டேன்.

“உன் யோசனையாலதான் கறை வந்துச்சுன்னு நீயே ஏன் எழுதின? யாரும் கேக்கலயே.”

அவள் நின்றுவிட்டாள். பிறகு நடந்துகொண்டே சொன்னாள். நிறையச் சொன்னாள். பலகையில் எழுதுவதற்கு முந்தின நாள் ராத்திரி தூங்காமல் இருந்ததைச் சொன்னாள். கீறலுக்காகக் கை தட்டியவர்கள் எல்லாம் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தாளாம். சொல்லாமல் விட்டால் அடுத்த ஆடியில் கறை மறுபடி வருமே, காரணம் தனக்கு மட்டும் தெரியுமே என்று நினைத்தாளாம்.

“எழுதுறப்ப கை நடுங்குச்சுய்யா. நீ பாக்கல. நீ ஷூவப் பாத்துகினு இருந்த.”

நான் பார்க்கவில்லைதான். அவளுக்கு நடுங்கும் என்றே எனக்குத் தெரியாது. பேசுகிறவர்களுக்கு நடுக்கம் இல்லை, அதனால்தான் பேசுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

“அந்தப் பையன் பாத்தான். அவன்தான் மார்க்கர் மூடியக் கழட்டிக் குடுத்தான். எனக்குக் கழட்ட வரல.”

அதைக் கேட்டதும் மறுபடி எரிந்தது. நான் பார்க்க வேண்டியதை அவன் பார்த்திருக்கிறான். இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளாமல் கேட்டேன்.

“அப்றம்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மீதியைச் சொன்னாள். வீடு வந்தும் முடியவில்லை. அன்று சோறு நான் வைத்தேன், குழைந்துவிட்டது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன சனிக்கிழமைகூட அவள் பேசும்போது என் கை தானாகச் சத்தமில்லாமல் தட்டியது. வட்டத்தில் நான் இன்னும் அதேதான். அதைப் பார்த்து மேடம் எனக்கு ஒரு மஞ்சள் சீட்டுக் கொடுத்தார். சொல்ல வராதவர்கள் அதில் எழுதி ஒட்டலாமாம். என்ன கற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி, கடைசியில் தேதி. ஒரு வரிதான் எழுத உட்கார்ந்தேன். சீட்டு பத்தவில்லை. பெண் விட்டுப்போன பழைய நோட்டில் இருந்து தாள் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைப் பலகையில் ஒட்ட முடியாது.

நாளை தீபாவளி. அடுப்படியில் அவள் முறுக்குப் பிழிகிறாள். எண்ணெய் சத்தத்துக்கு நடுவில் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

“இன்னாய்யா எழுதுற இம்மா நேரமா?”

“குரூப்புக்கு.”

“இத்தினியா? படி, கேக்குறேன்.”

“உன்னைப் பத்தி கீது. திட்டி எழுதிக்கிறேன்.”

“பரவால்ல, படி.”

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுத்துப் பிழையை எல்லாம் பார்க்கப்போகிறாள். தாளைக் கொடுக்க மாட்டேன், வாசித்துத்தான் காட்டுவேன் என்றேன். சரி என்றாள். பிறகு, “மொதல்ல தேதி போடு. தேதி இல்லாத சீட்ட மேடம் வாங்க மாட்டாங்க” என்கிறாள். போடுகிறேன்.

ஐப்பசி 2, ஞாயிற்றுக்கிழமை.